கருவில் ஒரு செல் காணாமல் போனால் அந்த இடத்துக்கு வருவது யார்? முழுமையான வழிகாட்டி

1888-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வில்ஹெல்ம் ரூ, இரண்டு செல் நிலையில் இருந்த தவளைக் கருவை எடுத்து, அதில் ஒரு செல்லைச் சூடான ஊசியால் குத்திக் கொன்றார். மிஞ்சிய செல் பிரிந்து வளர்ந்தது. ஆனால் கிடைத்தது அரைக் கரு. மூன்று ஆண்டுகள் கழித்து, 1891-இல், ஹான்ஸ் டிரீஷ், உருண்டை உடலெங்கும் முட்கள் கொண்ட கடல் முள்ளெலி (சீ அர்ச்சின்) என்ற கடலுயிரின் இரண்டு செல் கருக்களைக் கடல்நீர் நிரம்பிய குழாயில் போட்டுக் குலுக்கிச் செல்களைப் பிரித்தார். தனித்து நின்ற செல் முதலில் பாதிக் கருவைப் போலவே பிரிந்து, திறந்த கிண்ணம் போன்ற ஓர் உருவத்தைத் தந்தது. பிறகு அதன் விளிம்புகள் கூடி மூடிக்கொண்டன. கடைசியில் அளவில் சிறியதாக, உறுப்பில் எந்தக் குறையும் இல்லாத முழு லார்வா நீந்தியது. கேள்வி ஒன்றுதான், விடைகள் நேர்மாறு.

மும்பை மாட்டுங்காவில் என்னிடம் விலங்கியல் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் இவ்விரண்டையும் ‘மொசைக் வளர்ச்சி’ (போனது போனதுதான்), ‘ஒழுங்காற்று வளர்ச்சி’ (மிஞ்சியது ஈடுசெய்யும்) என இரு பத்திகளாகப் பிரித்து மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் பாடத்தில் இல்லாத ஒரு பரிசோதனையைக் கொடுத்து “இங்கே என்ன நடக்கும்?” என்று கேட்டால் அந்தப் பத்திகள் கைகொடுப்பதில்லை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட இடத்துக்காக எழுதப்பட்டது. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, அடுத்து எதைக் கேட்பது என்ற வரிசைதான் இதில் இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படிக்கு மட்டும் சில மீன்கள் வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது. கருவுக்குள் பழுதுபார்க்கும் பிரிவு என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு செல் போய்விட்டதைக் கண்டுபிடித்து மாற்று ஆளை அனுப்பும் ஏற்பாடும் இல்லை. எந்தச் செல்லும் போகாத சாதாரண நாளில் கரு எப்படிக் கட்டப்படுகிறதோ, அதே வேலைதான் செல் போன நாளிலும் நடக்கிறது. ஈடுசெய்தல் அதன் பக்கவிளைவு.

படி 1: விலங்கையும் வயதையும் தாளின் தலையில் எழுதுங்கள்

எந்த விலங்கு, எத்தனை செல் நிலை. இந்த இரண்டும் இல்லாமல் விடை சொல்ல முயல்வது வீண் வேலை.

அசிடியன் என்ற கடல்வாழ் விலங்கில், 1887-இலேயே லாரன் ஷாப்ரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு செல்லை அழித்துப் பார்த்தார். அந்தச் செல் எந்தப் பகுதியைத் தந்திருக்குமோ அந்தப் பகுதி லார்வாவில் இல்லை. காரணம் பின்னாளில் தெளிவானது. அமெரிக்கரான எட்வின் கான்கிளின் 1905-இல், ஸ்டைலா என்ற அசிடியனின் முட்டையில் இயற்கையாகவே மஞ்சளாக இருக்கும் ஒரு பகுதியைக் கண்ணால் பின்தொடர்ந்தார். அந்த மஞ்சள் எந்தச் செல்களுக்குப் போனதோ அவை வால் தசையாயின. 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் பின்னாலிருந்த மூலக்கூறையும் பிடித்தார்கள்: மாச்சோ-1 என்னும் தூது ஆர்.என்.ஏ. தாய், முட்டையின் ஒரு மூலையில் வைத்துவிட்ட உத்தரவு அது. உத்தரவைப் பெற்ற செல் செத்தால் உத்தரவும் அதோடு போய்விடும்.

டினோஃபோரா என்ற சீப்பு ஜெல்லிகளின் கதையும் இதுதான். அவற்றின் உடலில் எட்டு சீப்பு வரிசைகள் இருக்கும். இரண்டு செல் நிலையில் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் நான்கு வரிசைகளோடு வளரும். எட்டை இரண்டால் வகுத்துக் கொடுத்தது போல அத்தனை துல்லியம்.

மறுபக்கத்தில் கடல் முள்ளெலி, எலி, மனிதன். ஒன்பது பட்டை அர்மடில்லோவைக் கேட்கவே வேண்டாம். ஒரு முட்டையிலிருந்து நான்கு ஒத்த குட்டிகள் பிறப்பதுதான் அதற்கு வழக்கம்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குகிறார்கள். அசிடியன் ‘மொசைக்’ என்பதால் அதன் செல்கள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். அதன் முதுகுநாண் செல்களுக்குப் பக்கத்துச் செல்களிடமிருந்து சமிக்ஞை வந்தாக வேண்டும். அதேபோல், கடல் முள்ளெலி எதையும் ஈடுசெய்யும் என்பதும் தவறு. எட்டு செல் நிலையில் அதன் மேல்பாதியை மட்டும் தனியாக எடுத்தால் குடல் இல்லாத, நுண்மயிர்கள் அசையும் வெறும் பந்துதான் கிடைக்கும். எல்லா விலங்கிலும் தாய் வைத்த உத்தரவும் உண்டு, அக்கம்பக்கத்துப் பேச்சும் உண்டு. எது எந்த வயதில் மேலோங்குகிறது என்பதுதான் வேறுபாடு. ஆகவே தாளில் விலங்கின் பெயருக்குக் கீழே ‘இந்த வயதில் தாயின் உத்தரவு எங்கே இருக்கிறது?’ என்று ஒரு வரி சேருங்கள்.

படி 2: செல் எப்படிப் போனது என்று பாருங்கள்

ரூவின் அரைக் கருவுக்குத் திரும்புவோம். அவர் செல்லைக் கொன்றார், அகற்றவில்லை. செத்த செல் உயிருள்ள செல்லோடு ஒட்டியபடியே கிடந்தது. உயிருள்ள செல்லுக்கோ தன் வெளிப்பரப்பு எது, பக்கத்துச் செல்லைத் தொடும் பரப்பு எது என்ற நிலவரத்தில் மாற்றமே தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதாகவே எண்ணிப் பாதி வேலையை முடித்தது.

1895-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் அதே பரிசோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். ஒரு செல்லைக் கொன்றபின் கருவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். கனமான மஞ்சள்கரு கீழே சரிந்து, செல்லுக்குள் இருந்த பொருள்கள் இடம் மாறின. அப்போது அரை அளவில் முழுக் கரு கிடைத்தது. 1910-இல் மெக்கிளெண்டன் என்பவர் ஒரு செல்லை உறிஞ்சி அகற்றியே விட்டார். மிஞ்சியது முழுத் தவளைக் கருவாகவே வளர்ந்தது. ரூ எடுத்த முடிவு இருபது ஆண்டு பாடநூல்களை ஆண்டதற்கு, அவர் பிணத்தை அப்புறப்படுத்தாமல் விட்டதுதான் காரணம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. சற்றுக் கடுமையான பேச்சுதான், ஆனால் அப்படிச் சொன்னால் மறப்பதில்லை.

வெட்டும் திசையும் கணக்கில் வரும். ஹான்ஸ் ஸ்பெமான், தன் கைக்குழந்தையின் தலைமுடியை எடுத்து நீர்ப்பல்லி வகையைச் சேர்ந்த நியூட்டின் முட்டையைச் சுருக்குப் போட்டு இரண்டாகப் பிரித்தார். முட்டையில் சாம்பல் பிறை என்றொரு பகுதி உண்டு. சுருக்கு அந்தப் பிறையை இரண்டாகப் பங்கிட்டால் இரட்டையர். பிறை முழுதும் ஒரு பக்கம் போய்விட்டால் அந்தப் பக்கம் முழுக் கரு; மறுபக்கத்தில் முதுகெலும்பும் நரம்பும் இல்லாத ஒரு வயிற்றுத் துண்டு. ஸ்பெமான் அதற்கு வைத்த பெயரே ‘வயிற்றுத் துண்டு’தான். செல்களின் எண்ணிக்கை இரு பக்கமும் போதுமானதாக இருந்தது. இல்லாமல் போனது அந்தப் பிறை.

எனவே தாளில் மூன்று குறிப்புகள்: கொல்லப்பட்டதா அகற்றப்பட்டதா, எந்தத் தளத்தில் பிரிக்கப்பட்டது, பிரிந்த துண்டுக்கு வேண்டிய பொருள் போய்ச் சேர்ந்ததா.

படி 3: போன செல் யாருடைய வாயை அடைத்துக்கொண்டிருந்தது?

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படி. மற்றவற்றை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நின்று படியுங்கள்.

வெட்டுக்கிளிக் கருவின் அடிப்புறத் தோலில் நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தை எடுத்துக்கொள்வோம். தோல் செல்கள் சிறு சிறு கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு செல் பெரிதாகி உள்ளே இறங்கி நரம்புத் தாய்ச்செல் ஆகும். மற்றவை தோலாகவோ துணைச் செல்லாகவோ நின்றுவிடும். 1980-களில் கோரி குட்மனும் கிறிஸ் டோவும் லேசர் கதிரால் அந்தத் தாய்ச்செல்லைச் சுட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு சாதாரண தோல் செல் பெரிதாகி, அதே இடத்தில் தாய்ச்செல்லாகி, அதே வேலையைத் தொடங்கியது.

அந்தப் பக்கத்துச் செல்லுக்கு எப்படித் தெரிந்தது? எதுவும் தெரியவில்லை. தொடக்கத்தில் அந்தக் கூட்டத்தின் எல்லாச் செல்களுக்கும் தாய்ச்செல் ஆகும் தகுதி இருந்தது. சற்றே முந்திக்கொண்ட செல், தன் மேற்பரப்பிலுள்ள டெல்டா என்ற புரதத்தால் அண்டைச் செல்களின் நாட்ச் என்ற ஏற்பியைத் தட்டி, ‘நீ இதுவாக ஆகாதே’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் நின்றால் தடை விலகும், தகுதி தானாக வெளிப்படும்.

மும்பை லோக்கல் ரயிலில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். உட்கார்ந்திருப்பவரிடம் “எங்கே இறங்குவீர்கள்?” என்று முதலில் கேட்டவருக்கே அந்த இருக்கை. சுற்றி நிற்கும் ஐந்தாறு பேருக்கும் உட்கார ஆசைதான். ஆனால் முன்பதிவு செய்தவர் நிற்கும்வரை யாரும் அசைய மாட்டார்கள். அவர் தாதரில் கூட்டத்தோடு இழுபட்டு இறங்கிவிட்டால் அடுத்த நொடியே இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். யாரும் அறிவிப்புச் செய்யத் தேவையில்லை.

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற சின்னஞ்சிறு புழுவில் இது இன்னும் சுத்தமாகத் தெரியும். அதன் இருபால் லார்வாவில் இரண்டு செல்கள் அக்கம்பக்கமாக இருக்கும். ஒன்று நங்கூரச் செல் ஆகும், மற்றது கருப்பைச் செல் ஆகும். எது எதுவாகும் என்பது புழுவுக்குப் புழு மாறும். உரிய நேரத்துக்கு முன் லேசரால் ஒன்றைச் சுட்டால் மிஞ்சியது எப்போதும் நங்கூரச் செல்லாகவே ஆகும். இத்தனைக்கும் இந்தப் புழு ஒவ்வொரு செல்லின் வம்சாவளியும் அச்சடித்தாற்போல் மாறாமல் வரும் விலங்கு. வளர்ந்த இருபால் புழுவின் உடல் செல் உட்கருக்கள் 959 என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். அந்த வரைபடத்துக்கு வழிவகுத்த சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோரும் ராபர்ட் ஹார்விட்ஸும் 2002-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இவ்வளவு கண்டிப்பான விலங்கிலும் இப்படியோர் இடம் திறந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்போது ஒரு பரிசோதனையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். கடல் முள்ளெலிக் கருவில் பதினாறு செல் நிலையில் அடியில் நான்கு குட்டிச் செல்கள் இருக்கும். அவற்றின் வாரிசுகள் பிறகு கருவின் உட்குழிக்குள் இறங்கி, லார்வாவின் சுண்ணாம்புச் சட்டகத்தைக் கட்டும். சில இனங்களில் இவை சுமார் அறுபது. சார்லஸ் எட்டன்சோனும் டேவிட் மெக்கிளேயும் நுண்குழாயை உட்குழிக்குள் செலுத்தி அவற்றை உறிஞ்சி எடுத்தார்கள். 1988-இல் வெளியான முடிவு இது: சிறிது தாமதமானாலும் சட்டகம் வந்துவிட்டது. கட்டியவை வேறு செல்கள்; வழக்கமாகத் தசை, நிறமி போன்றவற்றுக்குப் போகும் இரண்டாம் நிலை இடைச்செல்களிலிருந்து வந்தவை.

எத்தனை செல்கள் மாறின என்பதுதான் கவனிக்க வேண்டியது. முழுக் கூட்டத்தையும் எடுத்தால் மாறியவை அதிகம். கொஞ்சத்தை விட்டுவைத்தால் மாறியவை குறைவு. இருப்பு கூடக்கூட மாற்றம் குறைந்தது. சட்டகச் செல்கள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் ‘ஆகாதே’ என்ற குரலின் பலத்துக்கு ஏற்றாற்போல் தடை இருந்தது. காணாமல் போனவர்களை யாரும் எண்ணவில்லை, ஆனாலும் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரணமாகச் சட்டகச் செல்லாக ஆவதற்கு முதல் விசையாக பி-மார்-1 என்ற மரபணு இயங்கும். அது தட்டிவிடும் அடுத்த கட்டத்தில் ஆல்எக்ஸ்-1 இயங்கும். மாற்றாக வந்த செல்களில் பி-மார்-1 இயங்குவதில்லை. வேறு வழியாக வந்து ஆல்எக்ஸ்-1-ஐ இயக்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு பாதை ஒன்றுதான். வாசல் வேறு, வீடு ஒன்று.

உங்கள் தாளில் செய்யவேண்டியது: காணாமல் போன செல்லை வட்டமிட்டு, அதிலிருந்து அண்டைச் செல்களுக்கு அம்புகள் போடுங்கள். ‘ஆகாதே’ என்ற அம்புகள் ஒரு நிறம், ‘ஆகு’ என்ற அம்புகள் இன்னொரு நிறம். வட்டத்தை அழித்தபின் எந்த அம்புகள் மறைகின்றன என்று பாருங்கள். ‘ஆகாதே’ மறைந்தால் மாற்று வரும். ‘ஆகு’ மறைந்தால் இழப்பு ஒன்றோடு நிற்காது, அந்த உத்தரவை நம்பியிருந்த செல்களும் வழிதவறும். மேலே சொன்ன நங்கூரச் செல்லையே பிறகு சுட்டால், அந்தப் புழுவுக்கு முட்டையிடும் துவாரமே உருவாவதில்லை.

படி 4: இடம் நிரம்பினால் போதாது, விகிதமும் சரிபார்க்கவேண்டும்

கரு சிறிதாகிவிட்டால் தலை எவ்வளவு, வால் எவ்வளவு என்ற பங்கீடும் சிறிதாக வேண்டும். பழைய அளவிலேயே தலையை வைத்தால் உடலுக்கு இடம் இருக்காது.

ஜீப்ரா மீன் கருவில் இதை அழகாகக் காட்டினார்கள். நோடல் என்ற சமிக்ஞை ஓரத்திலிருந்து பரவி, எட்டும் தூரம்வரை உள்ள செல்களைக் குடலாகவும் தசையாகவும் ஆக்கும். லெஃப்டி என்ற புரதம் நோடலைத் தடுக்கும். நோடலைவிட வேகமாகவும் தொலைவாகவும் பரவும். 2018-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் கருவின் உச்சியிலிருந்து செல்களை அகற்றிக் கருவைச் சிறிதாக்கினார்கள். நோடலின் எல்லை தொடக்கத்தில் பழைய தூரத்துக்கே எட்டியது, விகிதம் கெட்டது. பிறகு சிறிய இடத்தில் லெஃப்டி தேங்கி அடர்த்தி கூடியது, நோடலின் எட்டும் தூரம் சுருங்கியது, விகிதம் திரும்பியது. அளவுகோல் எதுவும் இல்லாமல் அளவெடுத்தாகிவிட்டது.

தவளையில் இதற்கு இணையாக இரு துருவ ஏற்பாடு இருக்கிறது. வயிற்றுப் பக்கம் பி.எம்.பி. புரதங்கள், முதுகுப் பக்கம் அட்மிப் என்ற அவற்றின் உறவுக்காரப் புரதம். பி.எம்.பி. சமிக்ஞை குறைந்தால் அட்மிப் கூடும். ஆகவே எந்தப் பக்கத்தை வெட்டினாலும் மறுபக்கம் ஈடுகொடுக்கப் பார்க்கும். 2005-இல் இதை விளக்கியவர்கள் ப்ரூனோ ரெவர்சாடும் எட்வர்டோ டி ராபர்டிஸும்.

கூடிப்போனாலும் ஒழுங்கு உண்டு. பழ ஈயின் தாய்க்கு பைகாய்டு மரபணுவைக் கூடுதல் பிரதிகளாகக் கொடுத்தால் கருவில் தலைப்பகுதி விரிந்துவிடும். பிறகு அந்த மிகுதிச் செல்களில் பல தாமாகவே மடிந்து, பிறக்கும் ஈ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். குறைவை நிரப்புவதைப் போல மிகுதியை வெட்டுவதும் இதே வேலையின் பகுதி.

படி 5: எண்ணிக்கை எப்போது சரியாகிறது?

1959-இல் போலந்து அறிஞர் ஆந்த்ஷெய் டார்கோவ்ஸ்கி, இரண்டு செல் எலிக் கருக்களில் ஒரு செல்லை அழித்து, மற்றதை வளர்ப்புத் தாய் எலிக்குள் வைத்தார். இயல்பான எலிகள் பிறந்தன. 1961-இல் நேர்மாறாகச் செய்தார்: இரண்டு கருக்களை ஒட்டி ஒன்றாக்கினார். அதிலும் ஒரே எலிதான். இரட்டைக் கரு கருப்பையில் ஒட்டிய சில நாள்களில் இயல்பான அளவுக்கு இறங்கிவிடும். பாதிக் கரு இன்னும் சற்றுத் தாமதித்து மேலே வரும்.

ஆனால் நான்கு செல் நிலையில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்தால் எலிக்குட்டி பெரும்பாலும் வருவதில்லை. இதை வெறும் ‘திறன் குறைவு’ என்று எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. கருப்பையில் ஒட்டும் முன் கரு உள்ளே குழியுள்ள பந்தாக மாறும்; அதுதான் கருக்கோளம். அதில் குழி விழும் நேரம் எத்தனை முறை பிரிந்தோம் என்பதைப் பொறுத்தது, எத்தனை செல் இருக்கிறோம் என்பதைப் பொறுத்ததல்ல. முழுக் கருவில் முப்பத்திரண்டு செல் இருக்கும் நேரத்தில் கால் கருவில் எட்டுதான். எட்டே செல் இருந்தால் ஏறக்குறைய எல்லாம் வெளிப்புறம் நிற்கும், உள்ளே யாரும் இல்லை. வெளியே நின்றவை நஞ்சுக்கொடிப் பக்கம் போகும். குழந்தையாக வேண்டிய உட்செல் திரளே இராது. திறன் இருந்தது, ஆள் போதவில்லை.

எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்பதற்கு 1979-இல் ஸ்னோவும் டாமும் வெளியிட்ட ஆய்வு ஓர் எல்லைக்கல். ஏழாம் நாள் வாக்கில் தாய் எலிக்கு மைட்டோமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது கருவின் செல்களில் பெரும்பகுதி அழிந்தது. மிஞ்சியவை வேகமாகப் பிரிந்து, பதின்மூன்றாம் நாள் வாக்கில் கரு ஏறத்தாழ இயல்பான அளவை எட்டியது. அதற்குள் முழு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். முட்டையும் விந்துவும் ஆகவேண்டிய ஆதி இனச்செல்கள் குறைவாகவே நின்றன. கருவுறும் திறன் பாதித்தது. வெளியில் பார்க்கச் சரியாக இருப்பதும் எல்லாம் ஈடாகிவிட்டதும் ஒன்றல்ல.

படி 6: கெடு தேதியைக் குறியுங்கள்

எந்த ஈடுசெய்தலுக்கும் ஒரு கெடு உண்டு. எலிக் கருக்கோளத்தின் உட்செல் திரளைத் தொடக்கத்தில் பிரித்தால் அது புதிதாக வெளியுறையை உருவாக்கிக்கொள்ளும். கருக்கோளம் முதிர்ந்த பிறகு பிரித்தால் முடியாது. கோழிக் கருவில் நரம்புக் குழாயின் உச்சி விளிம்பை வெட்டி எடுத்தால் மிஞ்சிய குழாயிலிருந்து புதிய நரம்பு முகட்டுச் செல்கள் (குழாயின் உச்சியிலிருந்து பிரிந்து உடலெங்கும் பரவுபவை) கிளம்பும். சற்றுத் தாமதித்து வெட்டினால் கிளம்பாது. வெட்டுக்கிளியில் நரம்புத் தாய்ச்செல்லுக்கு மாற்று வருகிறது; அந்தத் தாய்ச்செல் பெற்றெடுத்த மகள் செல்லைச் சுட்டால் மாற்று வருவதில்லை. கேட்டுக்கொண்டிருந்த அண்டைச் செல்கள் அதற்குள் தோலாக முடிவாகிவிட்டிருக்கும்.

மனிதனில் ஒத்த இரட்டையர் உருவாவதும் இந்தக் கெடுவுக்குள்தான். கருவுற்றுப் பதின்மூன்று நாள் வாக்கைத் தாண்டிப் பிரிந்தால் ஒட்டிப் பிறக்கும் இரட்டையராகிவிடுகிறார்கள்.

படி 7: மனிதக் கருவுக்கு இதைப் பொருத்துவது

இந்தியாவில் பதிவுகளோடு உறுதிசெய்யப்பட்ட முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1986 ஆகஸ்டில் மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழுவினரால் பிறந்தது. இன்று இந்த நகரில் கருத்தரிப்பு மையம் இல்லாத வட்டாரம் குறைவு. அதனால் இந்தக் கேள்வி வகுப்பறைக்கு வெளியிலும் வருகிறது.

“கருவிலிருந்து செல் எடுத்துச் சோதிப்பார்களாமே, குழந்தைக்கு ஏதாவது குறைந்துவிடாதா?” என்று பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

“கை கால் குறையாது மாமி. அந்த நாளில் எந்தச் செல்லும் கையென்றோ காலென்றோ முடிவாகியிருக்காது.”

“அப்படியென்றால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாமா?”

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. 1990-இல் லண்டனில் முதன்முதலாக இப்படிச் சோதித்துக் கர்ப்பம் உண்டாக்கியபோது, மூன்றாம் நாள் எட்டு செல் நிலையில் ஒரு செல் எடுத்தார்கள். குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் எட்டில் ஒன்று என்பது பெரிய பங்கு. அப்படிச் செல் எடுத்த கருக்கள் கருப்பையில் ஒட்டும் வாய்ப்பு குறைகிறது என்று 2013-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இப்போது பெரும்பாலும் ஐந்தாம் நாள், நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கும்போது, நஞ்சுக்கொடியாகப் போகும் வெளியுறையிலிருந்து சில செல்களை எடுக்கிறார்கள். உட்செல் திரளைத் தொடுவதில்லை. அந்த ஆய்வில் இந்த முறையால் ஒட்டும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஐந்தாவது படியின் கணக்கே இங்கும்: திறன் மட்டும் போதாது, ஆள் பலமும் வேண்டும்.

குரோமோசோம் பிழையுள்ள செல்களும் சரியான செல்களும் கலந்த கருக்கள் பற்றியும் கேட்பார்கள். 2016-இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்றில், பிழையுள்ள செல்கள் உட்செல் திரளில் மடிந்து குறைந்தன. சரியான செல்கள் போதிய அளவில் இருந்த கருக்கள் இயல்பாக வளர்ந்தன. இது எலியில் கண்டது. இதை வைத்து உங்கள் மருத்துவ அறிக்கைக்கு நீங்களே விளக்கம் சொல்லிக்கொள்ளக் கூடாது, மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதற்கும் இடமில்லை. மகாராஷ்டிரம் 1988-இலேயே பாலினம் கண்டறிவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. நாடு தழுவிய 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் திருத்தப்பட்டபின், கருத்தரிப்புக்கு முந்தைய பாலினத் தேர்வையும் தடுக்கிறது.

படி 8: கண்ணால் பாருங்கள்

செல்லைச் சுடுவதெல்லாம் நம் வேலை இல்லை. முதுகெலும்புள்ள விலங்குகளில் பரிசோதனை செய்ய நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். ஆனால் வீட்டில் மீன் வளர்த்து, முட்டை பிரிவதைப் பார்க்க யாரும் தடுக்கவில்லை. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகங்களில் வளர்க்கும் அதே ஜீப்ரா மீன்தான் அலங்கார மீன் கடைகளிலும் கிடைக்கிறது. நம் நாட்டு ஆறுகளின் மீன் அது.

ஆண் மீன் ஒல்லியாக, கோடுகளுக்கு இடையே மஞ்சள் சாயலோடு இருக்கும். பெண் வயிறு பருத்திருக்கும். குளோரின் போக ஒருநாள் திறந்துவைத்த தண்ணீரில் விடுங்கள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் இட்ட முட்டையை அவையே தின்றுவிடும். இரவில் விளக்கை அணைத்து இருட்டாக வையுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். உடனே குண்டுகளை அகற்றி, முட்டைகளை வாயகன்ற குழாயால் உறிஞ்சி, தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். ஆய்வகங்கள் 28.5 டிகிரியில் வைக்கும். ஆண்டின் பெரும்பகுதி மும்பை வீட்டுக்குள் அதற்கு அருகில்தான் இருக்கும்.

கணினியோடு இணைக்கும் மலிவான நுண்ணோக்கி போதும். முட்டை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். சுமார் முக்கால் மணியில் இரண்டு செல்கள், ஒரு மணியில் நான்கு, அதற்குப் பின் கால் மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு. இரண்டு மணியில் அறுபத்து நான்கு. அறை குளிர்ந்திருந்தால் எல்லாம் தாமதமாகும், பதற வேண்டாம். ஐந்தரை மணி வாக்கில் செல்களாலான தொப்பி மஞ்சள்கருவின் பாதிவரை இறங்கியிருக்கும். ஒரு நாளில் இதயம் துடிக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வரும்.

முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றைத் தேடுங்கள்: செல்கள் சமமாகப் பிரியாமல் கோணலாக இருக்கும் முட்டைகள். சில கிடைக்கலாம். அவற்றை வேறு கிண்ணத்துக்கு மாற்றி, சமமாகப் பிரிந்தவற்றில் அதே எண்ணிக்கையை இன்னொரு கிண்ணத்தில், அதே தண்ணீரில், அதே மேசையில் வையுங்கள். ஒப்பீடு இல்லாத குறிப்பு வெறும் கதைதான். மூன்று நாளும் காலை மாலை படம் எடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன, எவற்றின் கண்ணும் வாலும் இயல்பாக இருக்கின்றன என்று இரு பத்திகளில் எழுதுங்கள். வெள்ளையாகப் புகைபடிந்ததுபோல் ஆனவை செத்தவை. உடனே அகற்றுங்கள், இல்லையேல் பூஞ்சை மற்றவற்றுக்கும் பரவும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்வரை மஞ்சள்கருவே உணவு. அதற்குப் பின் நுண்ணிய உணவு வேண்டும், வளர்க்க முடியாவிட்டால் மீன் கடைக்காரரிடம் முன்னதாகவே பேசி வையுங்கள். பவாய் ஏரியிலோ வீட்டுப் பக்கத்து நாலாவிலோ (கழிவுநீர்க் கால்வாய்) கொண்டுபோய் விடக் கூடாது.